அப்பாவின் மெடிகேர்: இரண்டு வழிகள், ஆறு மாத அவகாசம்

அப்பாவுக்கு மார்ச்சில் 65 வயது நிறைகிறது. டிசம்பரிலிருந்தே தபால்பெட்டி நிரம்பி வழிகிறது. ‘மாதம் 0 டாலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட வழவழப்பான அட்டைகள் ஒரு பக்கம், அரசாங்கம் அனுப்பிய தடிமனான கையேடும் அதைச் சேர்ந்த தாள்களும் இன்னொரு பக்கம். அம்மா எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு அடுக்காகப் பிரித்து, பறக்காமல் இருக்க ஒன்றின் மேல் அஞ்சறைப்பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறார். 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். அதை வாங்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டில் எதை எடுப்பது என்பதுதான் ஒரு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு.

நியூஜெர்சியில் எங்களைப் போல் பெற்றோரை உடன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இன்றில்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடத்தில் இந்தக் கேள்வி அவர்கள் வீட்டுக்கும் வரும். அதனால் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், எங்கள் முடிவையும், அதற்கான காரணத்தையும் எழுதுகிறேன்.

முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இங்கே ஒரு கிடங்கில் 14 வருடம் கணக்கெழுதியவர். பத்து வருடம், அதாவது 40 காலாண்டு, வேலை பார்த்து வரி கட்டியிருந்தால் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம். அம்மா இங்கே வேலைக்குப் போனதில்லை. ஆனாலும் 65 ஆகும்போது அப்பாவின் கணக்கிலேயே அவருக்கும் கிடைத்துவிடும். பிள்ளைகள் மூலம் கிரீன் கார்டில் வந்த பெற்றோர் நிலைமை வேறு. ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்த பிறகுதான் சேரலாம், பார்ட் ஏ-வையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2026-இல் அது மாதம் 565 டாலர் வரை வருகிறது. டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு எல்லாரும் பணம் கட்டியாக வேண்டும். இந்த வருடம் பெரும்பாலோருக்கு மாதம் 202.90 டாலர்.

சரி, அந்த இரண்டு வழிகள் என்ன?

ஒன்று, ஒரிஜினல் மெடிகேர். 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட அதே திட்டம். அரசாங்கமே நேரடியாக டாக்டருக்குப் பணம் தருகிறது. நாட்டில் எந்த ஊரிலும், மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். ஆனால் டாக்டர் செலவில் 20 சதவீதம் நம் தலையில் விழும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. 5 லட்சம் டாலர் சிகிச்சை என்றால் அதில் 20 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஓட்டையை அடைக்கத் தனியாரிடம் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு வாங்க வேண்டும், மருந்துக்குத் தனியாக பார்ட் டி வாங்க வேண்டும். ஆக, பர்ஸில் மூன்று அட்டைகள்.

மற்றது மெடிகேர் அட்வான்டேஜ். அரசாங்கம் ஒரு தலைக்கு இவ்வளவு என்று தனியார் கம்பெனியிடம் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் அந்தக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். மருந்து, பல், கண்ணாடி, காது மெஷின், ஜிம் வரை ஒரே அட்டையில். பல பிளான்களுக்குப் பார்ட் பி பணத்துக்கு மேல் ஒரு காசும் கட்ட வேண்டாம். வருடச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. இந்த வருடம் நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியின் டாக்டர் பட்டியலுக்குள், அது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பதிலுக்கு நாம் விட்டுக்கொடுப்பது இரண்டு: பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் இருக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும், பெரிய சிகிச்சைகளுக்கு அவர்களிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே கேட்டார்: “ஏம்மா, ஒபாமா சட்டம் வந்தப்பவே மெடிகேரைக் குறைச்சுட்டாங்கன்னு கிடங்குல பேசிப்பாங்களே? இப்ப எது மிச்சம் இருக்கு, எது போச்சுன்னு முதல்ல சொல்லு.”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த முடிவின் மையம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அப்பா சொன்னது ஒபாமா ஆட்சியில் வந்த சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தை. 2009 கோடையில் அது விவாதத்தில் இருந்தபோது, எம்.பி.க்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் பெரியவர்கள் எழுந்து கோபத்தோடு கேட்டார்கள். தென் கரோலினாவில் பாப் இங்லிஸ் என்ற எம்.பி.யிடம் ஒருவர், என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்றார். மெடிகேரே அரசாங்கத்துடையதுதானே என்று பலர் அவரைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்தப் பயம் புரிகிறது. வயதான காலத்தில் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கையில் இருக்கும் ஒரே பிடிமானத்தை அசைக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் யார்தான் பதற மாட்டார்கள்? அதே ஆகஸ்டில், முந்தின வருடம் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின், யார் பிழைக்க வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்யும் ‘மரணக் குழு’ வரப்போகிறது என்று எழுதினார். உண்மையில் மசோதாவில் இருந்தது வேறு. கடைசிக் காலத்தில் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று நோயாளி தன் டாக்டரோடு பேசினால், பேசிய நேரத்துக்கு டாக்டருக்கு மெடிகேர் பணம் தரும் என்ற ஒரு பிரிவு. எதிர்ப்புக்குப் பயந்து அதையே எடுத்துவிட்டார்கள். 2016-இல் அது வேறு வழியாக மெடிகேருக்குள் வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சட்டம் 2010 மார்ச் 23-இல் கையெழுத்தானது. மெடிகேர் செலவின் வளர்ச்சியைக் குறைத்தார்கள் என்பது பொய்யில்லை. 2013 முதல் 2022 வரை 716 பில்லியன் டாலர் குறையும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2012-இல் மதிப்பிட்டது. அந்த வருடத் தேர்தலில் டிவியைப் போட்டாலே இந்த எண்தான். ஆனால் எங்கே குறைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கு வருடா வருடம் ஏற்றித் தரும் தொகையில் குறைத்தார்கள். அட்வான்டேஜ் கம்பெனிகளுக்கு அப்போது ஒரிஜினல் மெடிகேருக்கு ஆகும் செலவைவிட சுமார் 14 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதிலும் குறைத்தார்கள். பெரியவர்களுக்குச் சட்டப்படி உரிய சிகிச்சைகளில் எதையும் வெட்டவில்லை. சேர்த்தார்கள் என்பதுதான் சரி. 2011 முதல் வருடாந்திரப் பரிசோதனையும், பல நோய்த்தடுப்புச் சோதனைகளும் கைக்காசு இல்லாமல் கிடைத்தன.

மருந்து விஷயத்தில் வந்த மாற்றத்தை எங்கள் பக்கத்துத் தெரு மாமா சொல்லித்தான் கேட்க வேண்டும். கும்பகோணத்துக்காரர், இப்போது 82 வயது. 2010-இல் பார்ட் டி-யில் ஒரு பள்ளம் இருந்தது. வருட மருந்துச் செலவு 2,830 டாலரைத் தொட்டதும் காப்பீடு நின்றுவிடும். அதற்குப் பிறகு ரொம்ப தூரத்துக்கு முழு விலையும் நாமே கொடுக்க வேண்டும். மாமா அந்த மாதங்களில் சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டாராம். மாமிக்குக்கூடத் தெரியாது. பள்ளத்தில் விழுந்தவர்களுக்கு அந்த வருடம் அரசாங்கம் 250 டாலர் செக் அனுப்பியது. அந்த உறையை மாமா இன்னும் வைத்திருக்கிறார். அடுத்த வருடம் பிராண்ட் பெயர் மருந்துகளுக்குப் பாதி விலை, 2020-க்குள் பள்ளமே மூடப்பட்டது. அப்புறம் 2022-இல் வந்த இன்னொரு சட்டத்தால் இன்சுலின் மாதம் 35 டாலரைத் தாண்டாது. பார்ட் டி-யில் வருடம் முழுக்க மருந்துக்கு நம் கையிலிருந்து போவது இந்த வருடம் 2,100 டாலரோடு நிற்கும். அப்பாவும் சர்க்கரைக்காரர்தான். அதனால் இந்த வரிகளை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பயந்தபடி எதுவும் நடக்கவில்லையா? நடந்தவை வேறு மாதிரி நடந்தன. செலவைக் கட்டுப்படுத்த 15 பேர் கொண்ட ஒரு வாரியம் வரும் என்றது சட்டம். ஒருவரைக்கூட நியமிக்காமலே 2018-இல் அதை ரத்து செய்தார்கள். பணத்தைக் குறைத்தால் அட்வான்டேஜ் பிளான்கள் சுருங்கிவிடும் என்று கணித்தார்கள். 2010-இல் மெடிகேர்காரர்களில் நான்கில் ஒருவர் அதில் இருந்தார், இன்று பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறார்கள். குறைத்த பணமும் திரும்பி வந்துவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் குழு 2025-இல் போட்ட கணக்குப்படி, அதே ஆட்கள் ஒரிஜினலில் இருந்தால் ஆகும் செலவைவிட 20 சதவீதம், அதாவது 84 பில்லியன் டாலர், அந்த ஒரு வருடத்தில் கூடுதலாகப் போகிறது. தபாலில் வரும் அந்த 0 டாலர் அட்டைகளுக்கும் ஜிம்முக்கும் பல் வைத்தியத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பதில் இது.

ஆனால் அப்பாவின் முடிவுக்கு இதைவிட முக்கியமானது, அந்தச் சட்டம் தொடாமல் விட்ட ஓர் இடம். 65-க்குக் கீழே இருப்பவர்களுக்கு 2014 முதல், ஏற்கெனவே வியாதி இருக்கிறது என்று சொல்லி எந்தக் கம்பெனியும் காப்பீடு மறுக்க முடியாது. இந்த நாட்டில் நடந்த பெரிய நல்ல காரியங்களில் அது ஒன்று என்பேன். அந்தப் பாதுகாப்பை மெடிகேப்புக்குக் கொடுக்கவில்லை. பழைய விதியே தொடர்கிறது: 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் மட்டும் எந்த மெடிகேப் கம்பெனியும் நம்மை மறுக்க முடியாது. அதற்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு மறுக்கலாம், விலையை ஏற்றலாம். மெடிகேரை எடுத்துவிடுவார்கள் என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தக் கதவைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுக் கேட்கவில்லை.

மாமா மாட்டிக்கொண்டதும் இந்தக் கதவில்தான். 2015 வரை ஒரிஜினலும் மெடிகேப்பும் வைத்திருந்தார். பிரீமியம் ஏறிக்கொண்டே போனதால் ஓர் அட்வான்டேஜ் பிளானுக்கு மாறினார். முதல்முறை மாறுபவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குள் பழையதற்குத் திரும்பலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த ஒரு வருடம் அவருக்கு ஜலதோஷம்கூட வரவில்லை. பல் கட்டிக்கொண்டார், சந்தோஷமாக இருந்தார். நான் இன்னும் சொல்வேன், ஏழெட்டு வருடம் அந்த பிளான் அவருக்கு நன்றாகவே உழைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு, மறுபடி நடக்கப் பயிற்சி தரும் ரிஹேப் மையத்தில் சேர்த்தார்கள். பதினான்காம் நாள் மத்தியானம் ஒரு தாளை நீட்டி, நாளை மறுநாளோடு பணம் தருவதை நிறுத்துகிறோம் என்றார்கள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மாமா வாக்கரைப் பிடித்து கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடப்பார், திரும்பி வர ஆள் பிடிக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் ஏழு படி. தாளின் அடியில் பொடி எழுத்தில், மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் பணம் நிற்கும் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் 12 மணிக்குள் போன் செய்ய வேண்டும் என்று இருந்தது. மாமி அதைப் பார்க்கவே இல்லை. மகளும் நானும் போன் செய்தோம். முதல் மேல்முறையீட்டில் தோற்றோம், இரண்டாவதில் ஜெயித்தோம். இன்னும் ஒன்பது நாள் கிடைத்தது. அந்த ஒன்பது நாளில்தான் படி ஏறக் கற்றுக்கொண்டார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், அட்வான்டேஜ் கம்பெனிகள் மறுத்த முன் அனுமதிகளில் 13 சதவீதம், ஒரிஜினல் மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை என்று கண்டது. மேல்முறையீடு செய்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் செய்தவர்களில் பெரும்பாலோர் ஜெயிக்கிறார்கள். போன் செய்ய மகளோ மகனோ இல்லாத பெரியவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. விதிகள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2026 முதல் அவசரமில்லாத முன் அனுமதிக்கு ஏழு நாளுக்குள்ளும் அவசரமானதற்கு 72 மணி நேரத்துக்குள்ளும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரிஜினலில் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ரிஹேப் மையத்துக்குப் பணம் தர, அதற்குமுன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். ‘அப்சர்வேஷன்’, அதாவது சேர்க்காமல் கவனித்துப் பார்ப்பது, என்று எழுதிப் படுக்க வைத்த நாள்கள் அதில் சேராது. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தவுடனே, இது உள்நோயாளிக் கணக்கா என்று கேட்டுவிடுங்கள். பல அட்வான்டேஜ் பிளான்களில் இந்த மூன்று நாள் விதி இல்லை. பல், கண்ணாடி, காது மெஷின் ஒரிஜினலில் வராது. இன்னொன்று, இந்த ஜனவரியிலிருந்து நியூஜெர்சி உட்பட ஆறு மாநிலங்களில் ஒரிஜினல் மெடிகேரிலும் சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதி கேட்கும் சோதனைத் திட்டம் தொடங்கியிருக்கிறது. பட்டியல் சின்னது. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி போன்றவை. இது வளருமா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். பார்ட் பி இரண்டு வழிக்கும் பொது என்பதால் அதை விட்டுவிடலாம். அப்பாவுக்கு மெடிகேப்பில் பிளான் ஜி என்ற வகைக்கு மாதம் 170 டாலர் சொன்னார்கள். பார்ட் டி-யோடு சேர்த்து வருடத்துக்கு சுமார் 2,500 டாலர். அதற்கு மேல் டாக்டர் செலவில் முதல் 283 டாலர் நம்முடையது. அது முடிந்தால், எவ்வளவு பெரிய ஆபரேஷனாக இருந்தாலும், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு நம் கையிலிருந்து போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அட்வான்டேஜில் நல்ல வருடத்தில் செலவு, டாக்டரைப் பார்க்கும்போது கொடுக்கும் சில கோபே மட்டும். கெட்ட வருடத்தில் 9,250 வரை. இரண்டிலும் மருந்துச் செலவு தனி. அதாவது ஒரு கெட்ட வருடம், கிட்டத்தட்ட நாலு வருட மெடிகேப் பணத்துக்குச் சமம். பத்து வருடம் ஆரோக்கியமாக இருந்தால் அட்வான்டேஜில் 25,000 டாலர் மிச்சம். சின்னத் தொகை இல்லை. மெடிகேப் பிரீமியமும் வயதோடு ஏறும் என்பதை மறக்கக் கூடாது. விலை கொஞ்சம் குறைவான பிளான் ‘என்’ என்று ஒன்று உண்டு, டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர்வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் தராசைச் சாய்த்த இன்னொரு விஷயம் மதுரை. அப்பா வருடம் இரண்டு மாதம் அங்கே போய் இருந்தால்தான் அவருக்கு வருடம் முடிந்த மாதிரி. ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் செல்லாது. பிளான் ஜி-யும் ‘என்’-னும் வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம் தரும். பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும், ஆயுளுக்கும் சேர்த்து 50,000 டாலர்தான். மதுரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது தாராளம். பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பல அட்வான்டேஜ் பிளான்களும் வெளிநாட்டு அவசரத்துக்குத் தருகின்றன, வரம்பு பிளானுக்குப் பிளான் மாறும். ஆனால் ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் பொதுவாக அந்த பிளானிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் அட்வான்டேஜை யாரும் எடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாதம் 200 டாலர் கூடுதலாகக் கட்டினால் வீட்டு வாடகை இடிக்கும் என்றால், மெடிகேப் இல்லாத வெறும் ஒரிஜினலைவிட உச்சவரம்புள்ள அட்வான்டேஜ் எவ்வளவோ மேல். உங்கள் டாக்டரும் பக்கத்து ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருந்து, ஊரைவிட்டு அதிகம் போகாதவர் என்றாலும் யோசிக்கலாம். வருமானம் மிகக் குறைவு என்றால் இரண்டையும் பார்க்கும் முன், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். ஷிப் என்ற அரசு ஆலோசனை சேவையில் காசு வாங்காமல் விளக்குவார்கள், அவர்களுக்கு எந்தக் கம்பெனியின் கமிஷனும் கிடையாது. எங்களுக்கு விளக்கிய பெண்மணி ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தார்.

நாங்கள் எடுத்தது ஒரிஜினல், பிளான் ஜி, தனி பார்ட் டி. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கொஞ்சம் பிரஷரும். 71 வயதில் மனம் மாறி மெடிகேப் கேட்டால் இந்த மாநிலத்தில் அவரை வேண்டாம் என்று சொல்லலாம். இன்றைக்குச் சொல்ல முடியாது. அட்வான்டேஜ் கதவு ஒவ்வொரு அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை எப்படியும் திறக்கும், மெடிகேப் கதவு அப்பாவுக்கு மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒரே ஒரு தடவை. மூடக்கூடிய கதவு வழியாக முதலில் நுழைந்துவிட்டோம். பார்ட் டி-யை மட்டும் ஒவ்வொரு அக்டோபரிலும் அவருடைய மாத்திரைப் பட்டியலை வைத்து மறுபடி ஒப்பிடுவேன், மருந்துப் பட்டியலும் விலையும் வருடா வருடம் மாறுகின்றன.

மாமாவிடம் இதைச் சொன்னபோது, தனக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். நியூஜெர்சியில் இருக்கும்வரை கஷ்டம். ஆனால் கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன், நியூயார்க் ஆகிய நான்கு மாநிலங்களில் விதி வேறு. நியூயார்க்கில் வருடத்தில் எந்த நாளும், எந்த வியாதி இருந்தாலும், எத்தனை வயதானாலும் மெடிகேப் கொடுத்தே ஆக வேண்டும், வயதைப் பார்த்து விலையை ஏற்றவும் கூடாது. மாமாவின் மகள் இருப்பது குயீன்ஸில், ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இங்கே எடிசன் ஊரில் இருக்கும் வீட்டை விட்டுவிட்டு மகளோடு போய்விடலாமா என்று மாமாவும் மாமியும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகள் வீட்டில் படிகள் கிடையாது, லிஃப்ட் உண்டு.